சனிக்கிழமை இரவு விடுபட்ட மாத்திரை: மதுவும் வலிநிவாரணியும் குறுக்கிட்ட ஒரு வலிப்பு நோயாளியின் நிகழ்வு ஆய்வு

இதில் வருபவர் எங்கள் வலிப்பு நோய்ப் பிரிவில் நான் நேரடியாகப் பார்த்துவரும் இளைஞர். இந்தப் பதிவை அவரும் அவருடைய அக்காவும் படித்துப் பார்த்து ஒப்புதல் தந்திருக்கிறார்கள். ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருந்தின் அளவுகளையும் நிகழ்வுகளின் வரிசையையும் மாற்றவில்லை. எங்கள் தரப்பில் நடந்த தவறுகளையும் அப்படியே எழுதியிருக்கிறேன்.

பின்னணி

முதல் அறிகுறி தெரிந்தபோது அவருக்கு 16 வயது. காலையில் பல் துலக்கும்போது கை தூக்கிப் போடும், பிரஷ் எகிறி விழும். சில நாள் கையிலிருக்கும் டம்ளர் நழுவும். தூக்கக் கலக்கம் என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். அடுத்த ஆண்டு, தேர்வுக்காக இரவு முழுக்கக் கண்விழித்துப் படித்த மறுநாள் காலை, எழுந்த அரை மணி நேரத்துக்குள் கைகால் வெட்டி இழுக்கும் பெரிய வலிப்பு வந்தது. எம்.ஆர்.ஐ. படத்தில் குறை எதுவும் இல்லை. மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி.யில் நொடிக்கு 4 முதல் 6 வரை வரும் பலமுனைக் கூரலைகள் மூளையின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் தெரிந்தன.

இது இளம்பருவ மயோக்ளோனிக் (திடீர்த் தசை உதறல்) வலிப்பு. ஜான்ஸ், கிறிஸ்டியான் என்ற இரு ஜெர்மானிய மருத்துவர்கள் 1957-இல் விரிவாக விவரித்த நோய். பெரும்பாலும் 12 வயதுக்கும் 18 வயதுக்கும் இடையில் தொடங்கும். விடியற்காலை உதறல்களும் விழித்தெழுந்ததும் வரும் பெரிய வலிப்பும் இதன் முகம். மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும், ஆனால் மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோருக்குத் திரும்பி வரும். இதைத் தூண்டிவிடுபவை எவை என்று கேட்டால் தூக்கக் குறைவு, மது, விடுபட்ட மாத்திரை என்று எந்த வலிப்பு மருத்துவரும் யோசிக்காமல் சொல்வார். எனக்கும் தெரியும். தெரிந்திருந்தும் இந்த நோயாளியிடம் அந்த மூன்றையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

எங்களிடம் வந்தபோது அவருக்கு வயது 22. லெவெடிராசிட்டம் என்ற வலிப்பு மருந்தை 500 மி.கி. காலை, இரவு என இரண்டு வேளை எடுத்துக்கொண்டிருந்தார். 14 மாதங்களாக வலிப்பு இல்லை. வேலைக்குச் சேர்ந்து, வீட்டை விட்டு வந்து, தனி அறையில் தங்கியிருந்தார். முதல் சந்திப்பில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கோப்பிலிருந்து தலை நிமிராமல் நான் சொன்னது இதுதான்: "தண்ணி அடிக்கவே கூடாது. மாத்திரையும் மதுவும் சேரவே கூடாது." அவர் தலையாட்டினார். "அறிவுரை தரப்பட்டது" என்று எழுதி அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

முதல் இரண்டு வலிப்புகளும் நாங்கள் எடுத்த முடிவும்

எட்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு வலிப்பு வந்தது. நாக்கின் ஓரத்தில் கடிபட்ட காயத்தோடு செவ்வாயன்று வந்தார். கொஞ்சம் தூக்கம் குறைவு என்றார். "குடிப்பீங்களா?" என்று கேட்டேன். அக்கா அவர் முகத்தைப் பார்த்தார். "இல்ல டாக்டர்" என்று பதில் வந்தது. மருந்தை 1000 மி.கி. இரண்டு வேளையாக உயர்த்தினேன்.

ஏழு வாரத்தில் மறுபடியும் வலிப்பு. அதுவும் ஞாயிறு காலை. அன்று நான் விடுப்பு. அவரைப் பார்த்த சக மருத்துவர் 1500 மி.கி. இரண்டு வேளையாக உயர்த்தினார். நாளொன்றுக்கு 3000 மி.கி., அதாவது வழக்கமான உச்ச அளவு. மருந்து எடுத்தும் வலிப்பு வந்தால் அளவைக் கூட்டுவது என்ற பாடப்புத்தக வழிதான் அது. மருந்து உண்மையிலேயே வயிற்றுக்குள் போகிறதா என்று முதலில் பார்க்கச் சொல்வதும் அதே பாடப்புத்தகம்தான். அதை இருவருமே செய்யவில்லை.

அடுத்த சந்திப்பில் அக்கா ஒன்று சொன்னார்: "இவன் முன்ன மாதிரி இல்ல டாக்டர். எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுறான். வேலை செய்ற இடத்துலயும் சண்டை." லெவெடிராசிட்டம் எடுப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு எரிச்சலும் மனச்சோர்வும் வரும். அளவு கூடும்போது மோசமாகலாம். "பக்கவிளைவாக இருக்கலாம், கவனிப்போம்" என்று எழுதினோம். அந்த எரிச்சலை அடக்கத்தான் அவர் வார இறுதியில் இன்னும் அதிகமாகக் குடிக்கத் தொடங்கியிருந்தார் என்பது பின்னால்தான் தெரிந்தது. குடிக்க வைத்தது நாங்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தேவையில்லாமல் இரண்டு முறை உயர்த்திய மருந்து அதற்கு எண்ணெய் ஊற்றியது.

மூன்றாவது வலிப்பு

நான்கு மாதம் கழித்து, மறுபடியும் ஒரு ஞாயிறு. நண்பரின் அறையில் காலை பத்து மணிக்கு வலிப்பு தொடங்கியது. நின்றது போலிருந்து, நினைவு திரும்பும் முன்பே இரண்டாவது தொடங்கியது. நண்பர் செய்தவற்றில் பெரும்பாலானவை சரி: பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்தார், தலைக்கடியில் துணி வைத்தார், வாயில் எதையும் திணிக்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நிமிடம் தாண்டியதும் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். வலிப்பு ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்பாமல் அடுத்தடுத்து வந்தாலோ அது உயிருக்கு ஆபத்தான தொடர் வலிப்பு. அவருடைய உயிரைக் காத்ததில் அந்தக் கடிகாரத்துக்குப் பங்கு உண்டு.

அவசரப் பிரிவில் முதலில் ரத்தச் சர்க்கரை பார்த்தார்கள். இயல்பாக இருந்தது. வலிப்பை நிறுத்தும் லோராசிபாம் 4 மி.கி. நரம்பு வழியே போட்ட மூன்றாவது நிமிடம் வலிப்பு நின்றது. மூச்சில் மது வாடை இருந்ததால் தயமினும் (வைட்டமின் பி1) கொடுத்தார்கள். ரத்தத்தில் லெவெடிராசிட்டத்தின் அளவைப் பார்க்க மாதிரி அனுப்பப்பட்டது.

மறுநாள் வலது தோளை அவரால் வெளிப்புறம் திருப்ப முடியவில்லை. முதல் எக்ஸ்ரேயில் எல்லாம் சரி என்று எழுதியிருந்தது. பக்கவாட்டுப் படம் எடுத்தபோதுதான் மூட்டு பின்பக்கமாக நழுவியிருப்பது தெரிந்தது. தோள்மூட்டு பின்பக்கம் நழுவுவது அரிது. நழுவினால் வலிப்பையும் மின்னதிர்ச்சியையும் முதலில் நினைக்க வேண்டும். நேர்ப்படத்தில் எளிதில் தப்பிவிடும் காயம் இது. ஒரு நாள் தாமதமாகச் சரிசெய்தார்கள். இந்தத் தோள் கதையில் மறுபடியும் வரும்.

செவிலியர் கேட்ட கேள்வி

அன்றிரவு அக்கா வீட்டுக்குப் போன பிறகு, எங்கள் பிரிவின் மூத்த செவிலியர் அவர் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று அவர் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு ஆமாம் என்ற ஒரே பதில்தான் வரும். அவர் கேட்டது:

"சனிக்கிழமை ராத்திரி மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டீங்க தம்பி?"

"போடல சிஸ்டர்."

"மறந்துட்டீங்களா?"

"மறக்கல. குடிக்கிற அன்னைக்குப் போட மாட்டேன். ரெண்டும் சேரக்கூடாதுன்னு டாக்டர்தானே சொன்னாங்க."

செவிலியர் இதைச் சொன்னபோது நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நான் சொன்னதைத்தான் அவர் சொல் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறார். மாத்திரையும் மதுவும் சேரக்கூடாது, எனவே மது உள்ள நாளில் மாத்திரை இல்லை. முதலில் சனி இரவு வேளையை மட்டும் விட்டிருக்கிறார். பிறகு மாலையிலேயே குடிக்கப் போகிறோம் என்பதற்காகச் சனி காலை வேளையும், உடம்பில் இன்னும் மது இருக்கும் என்று ஞாயிறு காலை வேளையும் விடுபட்டன. வெள்ளி இரவு போட்ட மாத்திரைக்கு அடுத்தது ஞாயிறு மதியம்தான்.

லெவெடிராசிட்டத்தின் பாதி அளவு உடலிலிருந்து வெளியேற 6 முதல் 8 மணி நேரம் ஆகும். வெள்ளி இரவு ஒன்பது மணியிலிருந்து ஞாயிறு காலை பத்து மணி வரை 37 மணி நேரம். ஐந்து முறை பாதியாகிவிட்டால் நூற்றில் மூன்று பங்குதான் மிஞ்சும். ஒரு வாரம் கழித்து வந்த ரத்தப் பரிசோதனை முடிவும் அதையே சொன்னது: அளவிட முடியாத அளவுக்குக் குறைவு. 1000 மி.கி. ஆனாலும் 1500 மி.கி. ஆனாலும் விழுங்காத மாத்திரை வேலை செய்யாது.

அவர் கைபேசியில் வைத்திருந்த வலிப்பு நாட்குறிப்பைச் செவிலியர் வாங்கித் தேதிகளுக்கு எதிரே கிழமைகளை எழுதினார். மூன்று பெரிய வலிப்பும் ஞாயிறு. குறித்து வைத்திருந்த உதறல்களில் இரண்டைத் தவிர மற்றவை ஞாயிறு அல்லது திங்கள். இந்த நாட்குறிப்பை நானும் இரண்டு முறை பார்த்திருக்கிறேன், தேதிகளாக மட்டும்.

உடலுக்குள் நடந்தது

மது மூளையை அமைதிப்படுத்தும் காபா அமைப்புக்கு வலுவூட்டுகிறது, கிளர்ச்சியூட்டும் குளூட்டமேட்டை அடக்குகிறது. அதனால் குடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் வலிப்பு வருவது குறைவு. மது இறங்கும்போது தராசு மறுபக்கம் சாய்கிறது. நீண்ட காலம் தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், கடைசி மிடறிலிருந்து 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரக்கூடும். வலிப்பு நோய் இல்லாதவருக்கும் அது வரும். அப்படிப்பட்டவர் வீட்டிலேயே ஒரே நாளில் குடியை நிறுத்த முயல்வது ஆபத்து, மருத்துவக் கண்காணிப்பு வேண்டும். நம் இளைஞர் தினமும் குடிப்பவர் இல்லை. ஒரே இரவில் 8 முதல் 10 அளவுகள் குடிப்பவர் (ஓர் அளவு என்பது 10 கிராம் தூய ஆல்கஹால்). அவருக்கு ஞாயிறு காலையில் மூன்றும் ஒன்றுகூடின: மது இறங்கும் நேரம், நான்கு மணி நேரத் தூக்கம், மருந்தே இல்லாத ரத்தம்.

கொஞ்சம் குடித்தாலே வலிப்பு வருமா என்று அவர் நேராகக் கேட்டார். இதற்கு நேர்மையான பதில் இருக்கிறது. 1983-இல் வெளியான ஒரு நெதர்லாந்து ஆய்வில் வலிப்பு நோயாளிகளுக்குப் பதினாறு வாரங்கள் சிறிய அளவில் மது கொடுத்துப் பார்த்தார்கள். வலிப்பு கூடவில்லை. 2018-இல் வெளியான பெர்லின் ஆய்வில் முந்தைய ஓராண்டில் மது அருந்திய 204 வலிப்பு நோயாளிகளில் 37 பேர் மதுவை ஒட்டி வலிப்பு வந்ததாகச் சொன்னார்கள். அவர்கள் அதற்கு முன் குடித்தது ஏழு அளவுகளோ அதற்கு மேலோ. வலிப்புகளில் மிகப் பெரும்பாலானவை குடித்து முடித்த 12 மணி நேரத்துக்குள் வந்தன. மரபுவழிப் பொது வலிப்பு (மூளையின் இரு பக்கமும் சேர்ந்து தொடங்கும்) வகையினருக்கு ஆபத்து கூடுதலாகத் தெரிந்தது. இவருடைய நோய் அந்த வகையைச் சேர்ந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மருத்துவமனையிலிருந்து அனுப்பும் முன் அவரைத் தனியாக உட்கார வைத்துப் பேசினோம். உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விகள் கொண்ட மது வினாத்தாளில் 40-க்கு 14 மதிப்பெண் வந்தது. எட்டு அல்லது அதற்கு மேல் என்றாலே தீங்கு தரும் குடி என்று எடுத்துக்கொள்வது வழக்கம்.

முதல் முடிவு, மாத்திரையைப் பற்றி நான் சொன்ன வாக்கியத்தைத் திரும்பப் பெறுவது. "நான் சொன்னது தப்பா புரியுற மாதிரி இருந்தது. அது என் தப்பு. குடிச்சாலும் குடிக்கலைன்னாலும் மாத்திரையை விடக்கூடாது" என்றேன். சனிக்கிழமை இரவு மாத்திரையை ஒன்பது மணியிலிருந்து ஏழு மணிக்கு மாற்றினோம், வெளியே கிளம்பும் முன் விழுங்கிவிடலாம் என்பதற்காக. கைபேசியில் அலாரம், சட்டைப் பையில் ஒரு நாள் மாத்திரை. இந்த அறிவுரை அவர் எடுக்கும் மருந்துக்குப் பொருந்துவது. ஃபீனோபார்பிடோன், கிளோபசாம் போல மயக்கம் தரும் மருந்து எடுப்பவருக்கு மது சேர்ந்தால் மயக்கம் பலமடங்கு கூடும், மூச்சும் தளரும். மருந்தை விடுவது அவர்களுக்கும் தீர்வில்லை. குடியை விடுவதுதான் வழி.

குடியைப் பற்றி நீண்ட நேரம் விவாதித்தோம். முழுவதும் நிறுத்துவதே நல்லது என்று சொன்னேன், இப்போதும் அதுவே என் கருத்து. ஆனால் அதை மட்டும் சொல்லி அனுப்பினால் அவர் மறுபடியும் ஒளிக்கத் தொடங்குவார். ஒளித்ததன் விலையை ஏற்கனவே பார்த்துவிட்டோம். எனவே அவர் ஒத்துக்கொண்ட எல்லையை எழுதிக்கொண்டோம்: மூன்று மாதம் ஒரு துளி கூட இல்லை. அதற்குப் பிறகு குடித்தால் ஒரு நாளில் இரண்டு அளவுக்கு மேல் இல்லை, தனியாக இல்லை, மறுநாள் காலை தூக்கத்தைக் குறைக்கும் வேலை இல்லை. மீறினால் எங்களிடம் சொல்ல வேண்டும், நாங்கள் திட்ட மாட்டோம்.

மருந்தை 3000 மி.கி.யிலிருந்து படிப்படியாக 1500 மி.கி.க்குக் குறைத்தோம். தொடர் வலிப்பு வந்தவருக்கு மருந்தைக் குறைப்பதா என்று சக மருத்துவர்கள் கேட்டார்கள். விழுங்கிய நாட்களில் அவருக்கு வலிப்பு வரவில்லை என்பதுதான் என் பதில். இந்த நோய்க்கு மிகவும் பயன் தரும் வால்ப்ரோயேட்டுக்கு மாற்றலாமா என்றும் யோசித்தோம். கல்லீரல் நொதிகள் சற்று உயர்ந்திருந்தன, குடி இன்னும் அடங்கவில்லை. இரண்டும் சேர்ந்தபோது அந்த எண்ணத்தைத் தள்ளி வைத்தோம். வண்டி ஓட்டுவதையும் உயரத்தில் ஏறுவதையும் நிறுத்தச் சொன்னோம். வருத்தப்பட்டார், ஒத்துக்கொண்டார்.

கஞ்சாவைப் பற்றியும் கேட்டார், அது வலிப்புக்கு நல்லதாமே என்று. கஞ்சாச் செடியிலிருந்து பிரித்துச் சுத்திகரித்த கன்னாபிடயால் என்ற மருந்தை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் டிராவே, லெனாக்ஸ்-காஸ்டோ என்ற இரு கடுமையான வலிப்பு நோய்களுக்கு அனுமதித்தது உண்மை. புகைக்கும் கஞ்சாவில் போதை தரும் டி.எச்.சி.தான் அதிகம். அதில் எது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. செயற்கைக் கஞ்சா என்று வருபவை நேரடியாகவே வலிப்பை உண்டாக்கும். கோகெய்ன், ஆம்ஃபிடமின் வகைகளும் அப்படியே. அவர் நோய்க்கு இவற்றில் எதுவும் மருந்தில்லை என்றோம்.

கடைசியாக, இதுவரை சொல்லாமல் விட்டதைச் சொன்னோம். வலிப்பு நோயாளிகளில் சிலர், பெரும்பாலும் இரவுத் தூக்கத்தில், எதிர்பாராமல் இறந்துவிடுகிறார்கள். வயது வந்தோரில் ஆண்டுக்கு ஆயிரத்தில் ஏறத்தாழ ஒருவர். பெரிய வலிப்புகள் தொடர்ந்து வருவதும் தனியாகத் தூங்குவதும் ஆபத்தைக் கூட்டுகின்றன. 2020-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு, மது அல்லது போதைப்பொருள் பழக்கத்தையும் அந்த வரிசையில் சேர்த்தது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பெரிய வலிப்பைத் தடுத்தால் இந்த ஆபத்து குறையும் என்பதற்காகச் சொன்னோம். அவர் அமைதியாகக் கேட்டார். அக்காதான் கேட்டார்: "இத்தனை நாளா ஏன் டாக்டர் யாருமே சொல்லல?" என்னிடம் பதில் இல்லை.

புதன்கிழமை வந்த நான்காவது வலிப்பு

பத்து வாரம் நன்றாகப் போனது. பிறகு ஒரு புதன்கிழமை பிற்பகல், வேலை நேரத்தில், வலிப்பு வந்தது. இந்தப் பகுதியை எழுதத்தான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறது.

எனக்கு உடனே தோன்றியது குடிதான். ரத்தத்தில் மது இல்லை. லெவெடிராசிட்டம் லிட்டருக்கு 24 மி.கி., சரியான அளவுதான் (12 முதல் 46 வரை வழக்கமான வரம்பு). சிறுநீரில் ஓபியம் வகைகளுக்கான பரிசோதனையிலும் எதுவும் இல்லை. அப்படியும் மூன்று முறை கேட்டேன். "குடிக்கல டாக்டர், சத்தியமா" என்றார். மூன்றாவது முறை கேட்டபோது குரல் உடைந்தது. எழுந்து போய்விட்டார். அடுத்த சந்திப்புக்கு வரவில்லை. திட்ட மாட்டோம் என்று எழுதிக் கொடுத்திருந்தோம். நம்ப மாட்டோம் என்பதை என் கேள்வியே சொல்லிவிட்டது.

இந்த முறையும் செவிலியர்தான் கதவைத் திறந்தார். தொலைபேசியில் பேசி, தோள் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். வலி இருக்கிறது, மாத்திரை போடுகிறேன் என்றார் அவர். என்ன மாத்திரை என்று கேட்டதற்கு, அட்டையைப் பார்த்துப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். டிராமடால்.

தோளுக்காக எலும்புப் பிரிவு எழுதிக் கொடுத்த மருந்து அது, ஐந்து நாளுக்கு. டிராமடால் ஓபியாய்டு வகை (ஓபியம் போலச் செயல்படும்) வலிநிவாரணி. அத்துடன் செரோடோனின், நாரட்ரினலின் என்ற மூளை வேதிப்பொருட்களின் மறுவுறிஞ்சலையும் தடுக்கிறது. வலிப்பு வருவதற்கான வாசலைத் தாழ்த்துகிறது. வலிப்பு நோயாளிக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் மேலே இருப்பது. எழுதியவர் கவனிக்கவில்லை. மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது நாங்கள் எழுதிய வெளியேற்றச் சுருக்கத்தில் தவிர்க்க வேண்டிய மருந்துகள் என்று ஒரு வரிகூட இல்லை. ஓபியம் வகைகளைத் தேடும் வழக்கமான சிறுநீர்ப் பரிசோதனை டிராமடாலைக் காட்டாது. எதுவும் இல்லை என்ற முடிவைப் பார்த்து நாங்கள் நிம்மதியடைந்தது வீண்.

ஐந்து நாளில் நின்றிருக்க வேண்டியது நிற்கவில்லை. மருந்து உள்ளே போனால் எரிச்சல் அடங்குகிறது, மனசு லேசாகிறது, தூக்கம் வருகிறது என்று கண்டிருக்கிறார். குடியை விட்ட இடத்தில் இது வந்து உட்கார்ந்தது. 50 மி.கி. மாத்திரை இரண்டு, நான்காகி ஏழாகியிருந்தது. மருந்துச் சீட்டு இல்லாமலே கிடைக்கும் வழியையும் கண்டுபிடித்திருந்தார். "இது மருந்துதானே, குடி இல்லையே சிஸ்டர்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நாங்கள் குடியைப் பற்றி மட்டுமே கேட்டோம்.

மருந்தை இறக்கியது

அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அதன் பிறகுதான் பேச்சு நகர்ந்தது.

தொடர்ந்து எடுத்தால் வலிப்பு வரும். ஒரே நாளில் நிறுத்தினால் உடல்வலி, பதற்றம், தூக்கமின்மை. அந்தத் தூக்கமின்மையே இவர் நோயைத் தூண்டும். ஆபத்து அதிகமாக இருப்பது மேல் அளவில்தான் என்று கணித்து, முதல் வாரத்திலேயே 350 மி.கி.யிலிருந்து 200 மி.கி.க்கு இறக்கினோம். பிறகு பத்து நாளுக்கு ஒரு மாத்திரை வீதம் குறைத்தோம். அந்தக் காலத்துக்கு மட்டும் இரவில் கிளோபசாம் கொடுத்தால் பாதுகாப்பு என்று ஒரு யோசனை வந்தது. ஓபியாய்டுடன் அந்த வகை மருந்து சேர்ந்தால் மூச்சு தளரும். இன்னொரு பழக்கத்துக்கும் அது வழி திறக்கும். வேண்டாம் என்று முடிவு செய்தோம். அதற்குப் பதிலாக அக்கா ஆறு வாரம் அவருடன் வந்து தங்கினார். மாத்திரைகள் அவர் கையில் இருந்தன. வலிக்கு பாரசிட்டமாலும் இயன்முறைப் பயிற்சியும். மனநலப் பிரிவு வாரம் ஒரு முறை பார்த்தது. 100 மி.கி.யில் பதினைந்து நாள் சிக்கி நின்றது, கட்டாயப்படுத்தவில்லை. மொத்தம் இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது.

பிறகு

இதை எழுதும்போது கடைசிப் பெரிய வலிப்பு வந்து 13 மாதம் ஆகிறது. காலை உதறல் நான்கு நாட்களில் வந்திருக்கிறது. லெவெடிராசிட்டம் 750 மி.கி. இரண்டு வேளையில் நிற்கிறது. எரிச்சல் தணிந்துவிட்டது என்பது அக்காவின் சாட்சி. கல்லீரல் நொதிகள் இயல்புக்கு வந்துவிட்டன. தோள் முழுமையாகச் சரியாகவில்லை. கையைத் தலைக்கு மேல் தூக்கினால் இன்னும் வலிக்கிறது.

குடி அறவே நிற்கவில்லை. ஐந்தாவது மாதத்தில் ஒரு விருந்தில் ஆறு அளவு குடித்தார். ஆனால் ஏழு மணி மாத்திரையைப் போட்டுவிட்டுத்தான் போயிருந்தார், நண்பர் வீட்டில் மதியம் வரை தூங்கினார், ஞாயிறு மாலை அவரே செவிலியருக்குத் தொலைபேசியில் சொன்னார். அடுத்த நாள் காலை இரண்டு உதறல், அதோடு போயிற்று. அவர் எல்லையை மீறியது எனக்குக் கவலைதான். யாரும் கேட்காமல் தானே கூப்பிட்டுச் சொன்னதை நான் அதைவிடப் பெரிதாக நினைக்கிறேன்.

எங்கள் பிரிவில் மாறியவை

ஒவ்வொரு சந்திப்பிலும் ஐந்து நிமிடமாவது நோயாளியைத் தனியாகப் பார்க்கிறோம். உறவினர் பக்கத்தில் இருக்கும்போது கேட்ட கேள்விக்கு வந்த பதிலை இப்போது நான் பதிலாக எடுத்துக்கொள்வதில்லை. குடிப்பீர்களா என்ற கேள்வி போய், கடைசியாக எப்போது, எவ்வளவு, அன்றைய மாத்திரையை என்ன செய்தீர்கள் என்ற மூன்று கேள்விகள் வந்திருக்கின்றன. மூன்றாவது கேள்விக்கு இதுவரை நான் நினைத்ததைவிட அதிகம் பேர், அன்று போடவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள்.

வலிப்பு நாட்குறிப்பில் தேதிக்குப் பக்கத்தில் கிழமைக்கு ஒரு கட்டம் போட்டோம். அளவைக் கூட்டும் முன் மருந்தின் ரத்த அளவையோ, முந்தைய 48 மணி நேரத்தின் வேளைகளையோ எழுத வேண்டும், அந்த இடம் காலியாக இருந்தால் மருந்துச் சீட்டு நகராது. வெளியேற்றச் சுருக்கத்தின் முதல் பக்கத்தில் டிராமடால், மனச்சோர்வுக்குத் தரும் பியூப்ரோபியான் போன்ற தவிர்க்க வேண்டிய மருந்துகள் பெரிய எழுத்தில் இருக்கின்றன. எலும்புப் பிரிவுக்கும் அவசரப் பிரிவுக்கும் அதே பட்டியலை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தோம். போதை என்று கேட்காமல், மருந்துக் கடையிலோ நண்பர்களிடமோ வாங்கி வேறு என்ன போடுகிறீர்கள் என்று கேட்கிறோம். எதிர்பாராத மரணம் பற்றிய பேச்சு முதல் மூன்று சந்திப்புகளுக்குள் நடக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறோம். சில குடும்பங்கள் அழுகிறார்கள், அன்று அடுத்த நோயாளி காத்திருக்கிறார்.

சந்தேகத்தோடு ஒரே கேள்வியை மூன்றாவது முறை கேட்பதைத் தடுக்கும் படிவம் எதுவும் எங்களிடம் இல்லை. அதற்கு நான் செய்துகொண்டது ஒன்றுதான். பரிசோதனை முடிவும் நோயாளியின் சொல்லும் ஒத்துப்போய், என் ஊகம் மட்டும் தனித்து நின்றால், அன்று நான் பேச்சை நிறுத்திவிட்டு செவிலியரைக் கூப்பிடுகிறேன்.